குடி பற்றி மாணவர் ஆவணப்படம்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டுப் படத்துக்கு அடிக்கடி எடுத்துக்கொள்ளும் பொருள் குடி. அதிலும் ஒரே இருப்பில் அளவு மீறிக் குடிப்பது. படப்பிடிப்புக்கு முன்பும், எடிட்டிலும், கடைசியில் படம் எடுத்த விதத்தைத் திரும்பிப் பார்த்து மீள்பார்வை அறிக்கை எழுதும்போதும் எழுகிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றை வைத்திருக்கிறோம்.

1. தெனமும் குடிக்கிறவங்களப் பத்தின படம்தான இது?

இல்லை. குடிக்காமல் கை நடுங்கும் நிலை ஒன்று. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ கூடி உட்கார்ந்து மூச்சுமுட்டக் குடிப்பது வேறு. இந்த இரண்டாவதற்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: கடந்த 30 நாளில் ஒரு முறையாவது, ஒரே இருப்பில் 60 கிராமோ அதற்கு மேலோ சுத்த ஆல்கஹால் உள்ளே போயிருந்தால் அது அளவு மீறிய குடி.

இந்த வேறுபாட்டைப் படத்தின் முதல் 2 நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பார்க்கிற மாணவன் "நான் தெனமும் குடிக்கலையே, இது வேற யாருக்கோ" என்று ஒதுங்கிக்கொள்வான். படம் பேச வேண்டியதே அவனிடம்தான்.

2. 60 கிராம்னா ஒண்ணும் புரியல. குவார்ட்டர் கணக்குல சொல்லுங்க.

பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் என்றால் 77 மி.லி. ஆல்கஹால். ஒரு மி.லி. ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். பெருக்கினால் ஏறக்குறைய 61 கிராம் வரும். ஆக, ஒருவர் ஒரே ஒரு குவார்ட்டரைத் தனியாக முடித்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். பாதியாகப் பிரித்த கட்டிங் 30 கிராம். 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம்.

ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். எலுமிச்சம்பழம், மோர், பச்சைத்தண்ணிக் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி 10 மணிக்குள் இரண்டு குவார்ட்டர் முடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு பைக் எடுக்கும்போதும், 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்ற சட்ட வரம்புக்கு மேலே இருக்கக்கூடும். "நைட்டு குடிச்சதுதான, தூங்கி எந்திச்சாச்சுல்லா" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்குதான் பதில். அதை டம்ளர், பாட்டில், கடிகாரம் வைத்து 40 நொடியில் காட்டலாம். மொத்தப் படத்திலும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த 40 நொடியைத்தான்.

3. தலைப்பு கடல் மாதிரி கெடக்கு. 12 நிமிசத்துல எதச் சொல்ல?

ஒரு சாயங்காலத்தை மட்டும் எடுங்கள். சனிக்கிழமைக் கூலி வாங்கின நேரத்திலிருந்து ராத்திரி 10 மணிக்குக் கடை அடைக்கும் வரை. அல்லது கோயில் கொடைத் திருவிழா நடக்கும் ஒரு ராத்திரி. அல்லது கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அறையில் நடப்பது. அல்லது அக்டோபர் 2-க்கு முந்தின நாள், மறுநாள் கடை இருக்காது என்று வாங்கிச் சேர்க்கிற கூட்டம். ஒரு நாள், ஒரு கூட்டம், ஒரு இடம் என்று வரம்பு போட்டால் 12 நிமிடம் தாராளம். "குடியின் வரலாறு, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்" என்று நான்கு தலைப்பு போட்டால் ஒன்றும் ஊன்றி நிற்காது.

4. டாஸ்மாக் கடை முன்னால கேமரா வைக்கலாமா?

கடைக்குள்ளும் பாருக்குள்ளும் எடுக்க டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்குத் துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். அனுமதி வராவிட்டால் உள்ளே போகாதீர்கள், ஒளித்து வைத்த போனோடும் போகாதீர்கள். வெளியே பொது ரோட்டில் எடுப்பதற்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.

நடைமுறையில் பிரச்சினை சட்டத்தைவிடக் கூட்டத்தில்தான் வரும். வரிசையில் நிற்பவர் தன் முகம் பதிவாகிறது என்று நினைத்த நொடியில் கை ஓங்கலாம். ஆகவே கடை திறக்கும் பகல் 12 மணிக்கு முன்னாலேயே பூட்டிய ஷட்டர், காலி அட்டைப்பெட்டி, தரையில் கிடக்கும் தண்ணிப் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்த் தாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராத்திரிக் கூட்டத்தை எதிர்ப்பக்கம் இருந்து, கால்கள் மட்டும் தெரிய எடுத்தால் போதும். ட்ரோன் யோசனை இருந்தால் முதலில் வரைபடத்தில் தடை மண்டலங்களைப் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

5. போதையில இருக்கும்போதே பேட்டி எடுத்தாத்தான உண்மை வரும்?

வராது. போதையில் வருவது அந்த நேரத்துக் கோபமும் அழுகையும்தான். மறுநாள் அவருக்கே நினைவில்லாத ஒன்றைப் பத்து வருடம் இணையத்தில் கிடக்கவிட உங்களுக்கு உரிமை இல்லை. போதையில் இருப்பவர் சொல்கிற "சரி" ஒப்புதல் ஆகாது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாலும் ஆகாது.

தள்ளாடுகிறவரின் காட்சி பார்வையாளரைச் சிரிக்க வைக்கும், இல்லை அருவருக்க வைக்கும். இரண்டுமே "இவன் வேற, நான் வேற" என்ற இடத்துக்குத்தான் கொண்டுபோகும். ரோட்டோரம் விழுந்து கிடப்பவரை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த ஷாட் இல்லாமல் படம் நிற்கவில்லை என்றால், படத்தில் வேறு ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

6. அப்போ தெளிஞ்சிருக்கும்போது என்ன கேக்க? "ஏன் குடிக்கீங்க"ன்னா எல்லாரும் ஒரே பதில சொல்லுதாங்க.

"ஏன்" என்று கேட்டால் உடம்பு வலி, மனக்கவலை, கூட்டாளி என்று தயாராக வைத்திருக்கிற பதில்தான் வரும். "போன சனிக்கிழம சாயங்காலம் 6 மணிக்கு எங்க இருந்தீங்க?" என்று தொடங்குங்கள். யார் முதலில் கூப்பிட்டார், எத்தனை பேர், யார் காசு போட்டது, முதல் ரவுண்டு எத்தனை மணிக்கு, இடையில் சோறு சாப்பிட்டாரா, தண்ணி கலந்தாரா ராவாக அடித்தாரா, இரண்டாவது பாட்டில் வாங்கப் போனது யார், வீட்டுக்கு எப்படி வந்தார், அடுத்த நாள் வேலைக்குப் போனாரா. கால வரிசையில் போனால் மனிதர் தன் சாயங்காலத்தைத் தானே முதன்முறையாகப் பார்ப்பார். இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு நினைவில்லை என்று சொல்வாரானால், அங்கே வேறு கேள்வி போடாமல் 5 நொடி சும்மா இருங்கள். கேமரா ஓடட்டும்.

இதே கேள்விகளை வீட்டிலும் கேளுங்கள். முக்கூடல், கடையம் பக்கமெல்லாம் பீடி சுற்றுகிற பெண்கள் பேசும்போது முகத்தைக் காட்டத் தேவையே இல்லை. மடியில் தட்டு, கத்தரிக்கோல், அளவுக்கு வெட்டிய இலை, தூளை உள்ளே வைத்து உருட்டி நூல் கட்டுகிற விரல்கள் போதும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு குவார்ட்டர் விலைக்கு எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று அவரையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண் வருகிறபோது விரல்கள் நிற்கின்றனவா, நிற்காமல் ஓடுகின்றனவா என்று கேமரா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

7. "ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடு தம்பி, பேசுதேன்"ங்காரு. குடுக்கலாமா?

கூடாது. குடிக்கென்று பணமாகவும் கொடுக்கக் கூடாது, பாட்டிலாகவும் கூடாது. டீ, வடை, பஸ் கட்டணம் கொடுக்கலாம். கூலி நாளில் வந்தால் அந்த நேரத்துக்கு ஈடாக என்ன தருகிறீர்கள் என்பதை முன்கூட்டியே படிவத்தில் எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் மது வாங்கவே 21 வயது ஆகியிருக்க வேண்டும், உங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அது ஆகியிருக்காது. படப்பிடிப்பு நாட்களில் குழுவில் யாரும் குடிக்கக் கூடாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

8. ஒப்புதல் படிவத்துல என்னல்லாம் இருக்கணும்?

தமிழில், ஒரு பக்கத்துக்குள். படம் எதைப் பற்றியது, எங்கெல்லாம் திரையிடப்படும், இணையத்தில் ஏறுமா, முகமும் குரலும் காட்டப்படுமா, பேச விரும்பாத கேள்வியை விட்டுவிடலாமா, எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம், யாரிடம் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி அதையே வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அவர் கையில் ஒரு நகல் இருக்க வேண்டும்.

ஒருமுறை வாங்கினால் போதாது. பேட்டிக்கு முன் ஒன்று, எடிட் முடிந்து அவருடைய பகுதியைப் போட்டுக் காட்டியபின் ஒன்று. இரண்டாவதில்தான் பலர் "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க" என்பார்கள். எடுத்துவிடுங்கள்.

9. மொகத்த மங்கலாக்கிட்டா போதும்லா?

நகரத்தில் ஓரளவு போதும். திசையன்விளையிலோ களக்காட்டிலோ ஒரு தெருவில் போதாது. நடை, சட்டை, தோளில் போட்ட துண்டு, வாசல் நடை, பைக் நம்பர், பின்னால் தெரியும் கோயில் கோபுரம், பச்சை குத்தின கை இவற்றில் ஒன்று இருந்தால் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் பக்கம் கையில் கட்டியிருக்கும் வண்ணக் கயிறும் சாதியைச் சொல்லும். பள்ளிகளில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயம். ஒருவர் குடித்த கதை "அந்தத் தெருக்காரங்க எல்லாம் குடிகாரங்க" என்று மாற ஒரு ஷாட் போதும். தெருப்பெயர்ப் பலகையும் கயிறும் பிரேமுக்குள் வராமல் எடுப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும், எடிட்டரிடம் தள்ளிவிடக் கூடாது.

முகம் காட்டக் கூடாதென்றால் ஆரம்பத்திலிருந்தே முகமில்லாமல் எடுங்கள்: கை, முதுகு, டம்ளரைச் சுற்றும் விரல். ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து நிழலுருவமாக எடுத்தால், எடுத்த உடனே போனிலேயே வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். முகம் எழுந்து வந்தால் அந்த ஷாட் பயன்படாது. குரலைத் தடிக்க வைப்பதும் பாதுகாப்பு அல்ல, அதைத் திரும்பச் சீராக்க முடியும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, அதே வட்டாரப் பேச்சுள்ள வேறொருவரை வாசிக்க வைத்து, "குரல் மாற்றப்பட்டுள்ளது" என்று திரையில் போடுங்கள். போனில் லொக்கேஷன் பதிவை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

10. பிளஸ் டூ பையன் ஒருத்தன் பேசத் தயாரா இருக்கான். எடுக்கலாமா?

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இந்தப் படத்தில் எடுக்க வேண்டாம். அவன் சம்மதமும் சட்டப்படி செல்லாது, பெற்றோர் சம்மதம் தந்தாலும் அவன் எதிர்காலத்துக்கு அது நியாயம் அல்ல. சிறுவருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்தத் தகவலைப் படத்தில் சொல்லலாம், பையன் தேவையில்லை. அவனுக்கு உதவி வேண்டும் என்று தோன்றினால் 1098 இருக்கிறது.

11. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துல எடுக்க விடுவாங்களா?

குடியை விட விரும்புகிறவர்கள் பெயர் வெளியிடாமல் கூடும் அமைப்பு அது. வெளியாரும் வரலாம் என்கிற திறந்த கூட்டம் என்றால் கேட்டுக்கொண்டு உள்ளே உட்காரலாம், படம் எடுக்க முடியாது. பத்திரிகை, வானொலி, திரைப்படத்தில் உறுப்பினர் அடையாளம் வெளியாகக் கூடாது என்பது அவர்களுடைய மரபுகளில் ஒன்று. காலி நாற்காலிகளை, கூட்டம் முடிந்தபின், அனுமதி கேட்டு எடுங்கள்.

12. குடிக்கிற காட்சி இல்லாம எப்படிப் படம் ஓட்ட?

நடித்து எடுங்கள். பால் இல்லாத டீயை நன்றாகத் தண்ணீர் விட்டு இளக்கினால் பிராந்தி நிறம் வரும். ஆறின பிறகு ஊற்றுங்கள், சூடாக இருந்தால் டம்ளரில் ஆவி படியும். லேபிள் கிழித்த பாட்டிலைப் பயன்படுத்துங்கள். காட்சியின் மூலையில் "சித்திரிக்கப்பட்டது" என்ற எழுத்து முழு நேரமும் இருக்க வேண்டும். ஆவணப்படத்தில் நடித்ததை நிஜம் போலக் காட்டினால் நிஜமான பேட்டிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் ரவுண்டை அழகாக எடுக்கிற ஆசை ஒளிப்பதிவாளருக்கு வரும். மெதுவாக விழும் துளி, பொன்னிற வெளிச்சம் என்று எடுத்தால் அது விளம்பரம் ஆகிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில், டம்ளர் உயரத்தில், வெட்டாமல் ஒரே ஷாட்டாக வையுங்கள்.

13. சத்தம் மட்டும் கேவலமா வருது. என்ன செய்ய?

காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் மாட்டுங்கள். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். ஃபேன், பிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். பிரிட்ஜுக்குள் உங்கள் பைக் சாவியை வைத்தால், திரும்பப் போட்டுவிட்டுப் போக மறக்கமாட்டீர்கள். பேட்டி முடிந்ததும் எல்லாரும் வாய்மூடி அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டுகிற இடங்களை மறைக்க அது இல்லாமல் முடியாது.

ஆனி, ஆடியில் ராதாபுரம், பணகுடிப் பக்கம் வெளியே எடுத்தால் காற்று மைக்கை அடித்துத் தள்ளும். ரோமம் வைத்த உறை கட்டாயம், முடிந்தால் விடியற்காலையில் எடுங்கள். டியூப்லைட் மினுக்கத்துக்கு 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒன்று. கொடையில் எடுத்தால் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப்பாட்டு உங்கள் ஒலித்தடத்தில் ஏறி, யூடியூப்பில் உரிமைக் கோரிக்கை வரும். வில்லுப்பாட்டோ கணியான் கூத்தோ நடக்கும்போது, கலைஞரிடம் கேட்டு, அவர்களுக்குப் பணம் கொடுத்துப் பதிவு செய்வது மேல்.

14. பனங்கள்ளையும் சேத்துக்கிடவா?

உங்கள் படம் ஒரு சாயங்காலத்தைப் பற்றியது என்றால் வேண்டாம். தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. கள்ளுக்கு அனுமதி வேண்டுமா என்பது தனி வாதம், தனிப் படம். உவரிப் பக்கம் பனையேறிகளை எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், புளிக்காது. பதநீர்க் கலயத்தின் மேல் கள் பற்றிய வர்ணனையை ஓட்டினால் அந்த மனிதரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறீர்கள்.

15. எடுத்துக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் மட்டையாகிட்டா?

கேமராவைக் கீழே வையுங்கள். தட்டி எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் கீழே அல்லது மூச்சுக்கு மூச்சு 10 நொடி இடைவெளி, உதடு நீலம், உடம்பு குளிர்ச்சி, மயக்கத்திலேயே வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் 108. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து, பக்கத்திலேயே இருங்கள். மல்லாக்கப் படுத்தவர் வாந்தி மூச்சுக்குழலில் போய் இறந்துபோகலாம். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். "தூங்கி எந்திச்சாச் சரியாயிரும்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

16. பேட்டி குடுத்தவரு "படத்துக்காக இன்னையோட நிறுத்துதேன்"ங்காரு. நல்லதுதான?

அவர் எந்த வகை என்று பாருங்கள். மாதத்தில் இரண்டு நாள் குடிப்பவர் நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்தில்லை. கேள்வி 1-இல் சொன்ன முதல் வகை, காலையிலேயே கை நடுங்குகிறவர், சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில் மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் நிலை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

ஆகவே "30 நாள் சவால்" மாதிரி எதையும் படத்தில் வைக்காதீர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போக வீட்டாரிடம் சொல்லுங்கள், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள். அந்த நாட்களை எடுக்க வேண்டாம்.

17. புள்ளிவிவரம் எங்க கெடைக்கும்?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) மாவட்டவாரித் தாளில் குடிப்பவர் சதவீதம் இருக்கிறது. அதில் வரும் திருநெல்வேலி பழைய எல்லைப்படியானது, தென்காசியும் சேர்ந்தது. இன்றைய மாவட்டம் என்று போட்டுவிடாதீர்கள். ஒரே இருப்பில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது அந்தத் தாளில் கிடையாது. கடைகளின் எண்ணிக்கை, விற்பனை போன்றவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் என்பதால் செமஸ்டர் தொடங்கும்போதே போட வேண்டும்.

18. மீள்பார்வை அறிக்கையில என்ன எழுத? "நிறைய கத்துக்கிட்டோம்"னு எழுதினா மார்க் வரமாட்டேங்கு.

வராது. முடிவுகளை எழுதுங்கள். என்ன எடுக்க நினைத்தோம், எது கிடைத்தது, ஏன் மாற்றினோம், மாற்றியதால் எது போனது. "ஒலி சரியில்லை" என்பது மீள்பார்வை ஆகாது. "மூன்றாவது பேட்டியில் ஃபேனை அணைக்கச் சொல்லக் கூச்சப்பட்டதால் அவர் அழுத இடத்தைப் பயன்படுத்த முடியவில்லை, அந்த இடத்தில் வர்ணனை வைத்ததால் அவர் சொன்னதை நாங்கள் சொன்னதாக ஆகிவிட்டது" என்பது மீள்பார்வை. இதற்குப் படப்பிடிப்பு அன்றே ராத்திரி அரைப்பக்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் வெட்டையும் கடைசி வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நீக்கிய ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள்.

படத்தில் இல்லாதவர்களைப் பற்றியும் எழுதுங்கள். நெல்லையில் எடுக்கிற பெரும்பாலான மாணவர் படங்களில் குடிப்பவர் கூலித்தொழிலாளியாகவே இருக்கிறார். சம்பளக்காரரும் சக மாணவரும் வருவதில்லை. கட்டட வேலைக்காரரிடம் கேமராவோடு போவது எளிது, பேராசிரியர் வீட்டுக்குப் போவது கடினம் என்பதுதான் காரணம். குழுவில் குடிக்கிறவர்கள் உண்டா, அது எந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் தடுத்தது என்பதையும் பெயர் போடாமல் எழுதலாம். தேர்வாளர் தேடுவது இந்த நேர்மையைத்தான்.

19. யூடியூப்ல போடலாமா? சென்சார் வேணுமா?

தியேட்டரிலோ பொது அரங்கிலோ காட்டத் திரைப்படத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். யூடியூப்புக்கு அது தேவையில்லை. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் படத்தில் இருப்பவர்கள், பிறகு அவர்கள் வீட்டார் (அவர்கள் விரும்பினால்), பிறகு வகுப்பு, கடைசியில் இணையம். கருத்துப் பெட்டியை மூடிவிடுங்கள். சாதியும் ஊரும் இழுக்கப்படுவது அங்கேதான். விளக்கப் பகுதியின் முதல் வரியில் 14446 இருக்கட்டும்.

20. ஒரு வருசம் கழிச்சு ஒருத்தர் "தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்கோம், எடுத்துருங்க"ன்னா?

அன்றைக்கே யூடியூப்பில் படத்தை மறைநிலைக்கு (பிரைவேட்) மாற்றுங்கள். படிவத்தில் போட்ட கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று வாதாட வேண்டாம். அவர் பகுதியை நீக்கி மறுபடி ஏற்றுங்கள். அவர் இல்லாமல் படம் நிற்காது என்றால் வேறொருவர் குரலில், கைகளை மட்டும் வைத்து மாற்றுங்கள் (கேள்வி 9). இதற்காகத்தான் எடிட் கோப்பு, ஒலி, காட்சி எல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும்: ஒன்று துறையில், ஒன்று குழுத் தலைவரிடம். முகம் தெரியும் மூலக் காட்சிகளை மட்டும், மதிப்பெண் வந்த பிறகு இரண்டிலிருந்தும் அழித்து, அழித்த தேதியை ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.